குருதி குடிக்கும் பேயும் அதனை வேட்டையாடினோரும்

அச்சம் எவற்றாற் பிறக்கும் என்று வகுத்துரைக்கப் புகுந்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினை எண்ணினார். அவற்றுள் அணங்கை முதலில் வைத்தார். விலங்கைக் கண்ணாற் காணலாம்; கள்வனைக் காலடி கொண்டு அறியலாம்; அரசன் சினத்தைப் பணிந்து தணிக்கலாம். அணங்கோ வந்த வழியும் தெரியாது, போன வழியும் தெரியாது. அது தொட்ட உடல் மெலிவது மட்டுமே கண்ணுக்குப் புலனாகும்.

உருவில்லாத அச்சத்திற்கு உருவம் கொடுப்பது மனித உள்ளத்தின் இயல்பு. அவ்வாறு கொடுக்கப்பட்ட உருவங்களுள் ஒன்று, இரவில் வந்து குருதி குடித்து விடியுமுன் மறையும் பேய். அப்பேயை எதிர்த்துச் செல்லும் வேட்டைக்காரனின் கதையும் அதனோடு உடன்வளர்ந்தது. ஐரோப்பாவிற் பிறந்த அக்கதை, யப்பானியரின் அசைவுச் சித்திரப் படங்களிலே புதுக்கோலம் பூண்டு உலகெங்கும் உலவுகின்றது. ஆனால், இரவில் வந்து குருதி குடிக்கும் பகையொன்றை மெய்யாகவே தேடிச்சென்று, அது உறையும் இடத்திலேயே வீழ்த்திய வரலாறு வன்னிப் பெருநிலத்திற்கு உண்டு. கதையையும் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், கதை எங்கே மெய் பேசுகின்றது, எங்கே மயக்குகின்றது என்பது விளங்கும்.

முதலிற் கதையை நோக்குவோம். யப்பானிய மொழியில் இப்பேய்க்கு வழங்கும் பெயர் 'கியூக்கெற்சுக்கி' என்பது. உறிஞ்சுதல், குருதி, பேய் எனப் பொருள்தரும் மூன்று எழுத்துகளால் அமைந்த சொல் அது. யப்பானின் பழங்கதைகளிற் பேய்களுக்குக் குறைவில்லை. எனினும், கல்லறையிலிருந்து எழுந்து கழுத்திற் பல் பதிக்கும் கோட்டைப் பிரபு அந்நாட்டார்க்கு மேல்நாட்டு நூல்களும் திரைப்படங்களும் கொண்டுவந்து கொடுத்த இரவற் பொருளே. அவனோடு கூடவே கோதிக் என்னும் கதைமரபும் அங்கே சென்றது. பாழடைந்த கோட்டை, நள்ளிரவு, கல்லறை, பழங்குடியொன்று மறைத்துவைத்த பாவம் ஆகியவற்றைக் கொண்டு அச்சம் விளைப்பது அம்மரபு. ஆங்கிலத்தில் 1764 ஆம் ஆண்டு ஹொரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோக் கோட்டை' அதற்குத் தொடக்கம் என்பர்.

1983 ஆம் ஆண்டில் ஹிடேயுக்கி கிக்குச்சி என்னும் யப்பானிய எழுத்தாளர் 'வாம்பயர் வேட்டைக்காரன் டி' என்னும் நாவல் வரிசையைத் தொடங்கினார். யோஷிட்டாக்கா அமானோ அதற்குச் சித்திரம் வரைந்தார். 1985 இல் தோயோ ஆஷிடாவின் நெறியாள்கையில் அது சித்திரப் படமாயிற்று. கதை நிகழும் காலம் கி.பி. 12,090. உலகம் பேரழிவுக்குப் பின் பாழ்பட்டுக் கிடக்கின்றது. குருதி குடிக்கும் குலத்தாரே பிரபுக்கள். அவர்களது ஆட்சி தளர்ந்துவிட்டது. அவர்கள் மீதுள்ள அச்சம் தளரவில்லை. டோரிஸ் என்னும் குடியானவப் பெண்ணின் கழுத்தில் மக்னஸ் லீ என்னும் பிரபு பல் பதித்துவிடுகின்றான். ஊரார் அவளுக்கு இரங்குவதற்கு மாறாக, அவளையே கண்டு அஞ்சி ஒதுங்குகின்றனர். அவள் வழிப்போக்கன் ஒருவனைக் காவலுக்கு அமர்த்துகின்றாள். அவன் பெயர் ஒற்றை எழுத்து: டி. அவனுடைய தந்தை குருதி குடிக்கும் குலத்தவன். தாய் மானிடப் பெண். இரு குலத்தாரும் அவனைத் தம்மவன் என்று கொள்ளார். பகையை வீழ்த்தியபின் அவன் அந்த ஊரில் தங்குவதில்லை, குதிரையேறிப் போய்விடுகின்றான்.

இதன் பின்வந்த படங்களும் இவ்வழியே சென்றன. 2000 ஆம் ஆண்டில் யோஷியாக்கி கவாஜிரி நெறிப்படுத்திய இரண்டாவது 'டி' படத்தில், வேட்டைக்காரர் பலர் ஒரு பிரபுவைத் துரத்துகின்றனர். அவனோ தான் கொண்டுசென்ற பெண்ணை உண்மையாகவே விரும்புகின்றான். அதே ஆண்டில் ஹிரோயுக்கி கிட்டாக்குபோ நெறிப்படுத்திய 'குருதி: இறுதி வாம்பயர்' என்னும் குறும்படத்தில், 1966 ஆம் ஆண்டு யப்பானிலிருந்த அமெரிக்க விமானப்படைத் தளமொன்றிற் சாயா என்னும் பெண் பள்ளி மாணவியாக உருமாறிப் பேய்களைத் தேடுகின்றாள். அவளும் அக்குலத்திற் பிறந்தவளே. பேயின் இயல்பைத் தன் குருதியிற் கொண்டவருக்கே பேயைக் கண்டறியும் ஆற்றல் உண்டு என்னும் எண்ணம் இப்படங்களிலே ஓடுகின்றது. அது யப்பானியர் புதிதாகக் கண்டதன்று. பேய்க்குப் பிறந்த பிள்ளை பேயை அடையாளம் காட்டும் என்பது பால்கன் நாட்டாரின் பழைய நம்பிக்கை. 'டம்பீர்' என்று அப்பிள்ளையை அவர்கள் அழைத்தனர்.

அப்பால்கன் நாட்டிலேதான் இக்கதையின் வேரும் இருக்கின்றது. அது கதையாகத் தொடங்கவில்லை. அரசாங்க அறிக்கையாகத் தொடங்கியது. 1718 ஆம் ஆண்டு உடன்படிக்கையொன்றினாற் செர்பியாவின் வடபகுதி ஒஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டது. 1725 இல் அங்கே கிசிலியேவோ என்னும் ஊரில் ஒரு குடியானவர் இறந்தார். அவர் இறந்த சில வாரங்களுள், எட்டு நாள்களில் ஒன்பது பேர் நோயுற்று மாண்டனர். இறந்தவரே இரவில் வந்து தம்மை நெருக்கியதாகச் சாகுமுன் அவர்கள் கூறினராம். ஊரார் கல்லறையைத் திறந்தனர். உடலின் வாயிற் குருதி இருந்தது. மார்பிற் கழி ஏற்றி உடலை எரித்தனர். 1732 சனவரியில் மெட்வேஜா என்னும் மற்றோர் ஊரில் இதுபோன்ற மரணங்களை விசாரித்த படைவைத்தியர் யொகான் புளூக்கிங்கர் எழுதிய அறிக்கை ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆங்கிலச் செய்தித்தாள்களில் 'வாம்பயர்' என்னும் சொல் புகழ்பெற்றதும் அவ்வாண்டிலேதான்.

ஊரார் கண்டவை பொய்யல்ல. அடுத்தடுத்து மக்கள் இறந்தது மெய். புதைத்த உடல் அழியும்போது வாயிற் குருதி கசிவதும், வயிறு ஊதுவதும், தோல் சுருங்கி நகமும் மயிரும் வளர்ந்தனபோலத் தோன்றுவதும் இயற்கை. காட்சி மெய், காரணம் பிழை. தொற்றுநோய் ஒன்றுக்குக் காரணம் தேடிய மக்கள், கிடைத்த காரணத்தைத் தம் ஊரவர் ஒருவரின் பிணத்தின் மேல் ஏற்றினர். 1755 இல் இத்தகைய நிகழ்ச்சியொன்று மொரேவியாவில் நேர்ந்தபோது, ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா தம் அரண்மனை வைத்தியர் ஜெராட் வான் சுவீற்றனின் ஆலோசனையைக் கேட்டார். பேய் என்பதற்குச் சான்றில்லை என்று அவர் தெளிவாக எழுதினார். கல்லறைகளைத் தோண்டுவதும் பிணங்களை எரிப்பதும் தடைசெய்யப்பட்டன. வாம்பயர் வேட்டை என்பது தொடக்கத்தில், காரணம் அறியாத மக்கள் ஒரு நோயைத் துரத்திய வேட்டையே என்பதனை இவ்வரலாறு காட்டுகின்றது.

தமிழருக்கும் இப்பேய் முற்றிலும் அந்நியமன்று. பதினோராம் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளை ஒட்டி எழுந்த கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பேய்கள் குருதியுலையேற்றிக் கூழ் அட்டுக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்கின்றன. நாட்டார் வழக்கிலோ காட்டேரி என்னும் பெயர் போதும். பிள்ளைத்தாய்ச்சியின் குருதியை நாடி வருவது என்று முதியோர் அஞ்சிய அணங்கு அது. விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளம் வேறு இனம். அது பிணத்தினுட் புகுந்து முருங்கைமரத்தில் தொங்கும், கதை சொல்லும், விடுகதை போடும், குருதி குடிப்பதில்லை. ஆயினும், 1870 இல் ரிச்சர்ட் பேட்டன் என்னும் ஆங்கிலேயர் அக்கதைகளைத் தம் மொழியில் எழுதியபோது, வேதாளத்தை வாம்பயர் என்றே பெயரிட்டார். கிழக்குத் திசையும் இப்பேயின் தாயகம் என்று மேல்நாட்டார் எண்ணுவதற்கு இத்தகைய பெயர்மாற்றங்களும் துணைசெய்தன.

நிற்க. யாழ்ப்பாணக் கடனீரேரிக்குத் தெற்கே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எனப் பரந்துகிடக்கும் வன்னி நிலத்தில் அச்சம் கொண்ட உருவம் யாது? அது கோட்டையிற் குடியிருக்கும் பிரபு அன்று. அது காய்ச்சல். மாரி மழை பெய்து ஓயும் காலத்தில் அது வரும். முதலில் நடுக்கும் குளிர்; அதன்பின் எரிக்கும் வெம்மை; அதன்பின் வியர்வை. நோயாளி எழுந்து நடப்பார். பிழைத்தார் என்று வீட்டார் மகிழ்வர். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே வேளையில் அது மீண்டும் வரும். முறை தவறாமல் வருதலால் முறைக்காய்ச்சல் என்றனர். நாள் செல்லச்செல்ல முகம் வெளிறும், கண்ணிமை வெளுக்கும், வயிற்றின் இடப்புறத்திலே கட்டி தோன்றும். காய்ச்சற்கட்டி என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் வளர்ச்சி குன்றினர். கருவுற்ற பெண்கள் கருச்சிதைந்தனர். அறுவடைக்கு ஆளின்றி வயல் கிடந்தது. 1895 இல் வெளிவந்த தமது வன்னி மாவட்டக் கைந்நூலில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி, குடித்தொகை அருகிய ஊர்களையும், காய்ச்சலும் பறங்கிநோயும் மக்களை வாட்டிய நிலையையும் பதிவுசெய்தார்.

உடலில் காயம் இல்லை. குருதி மட்டும் குறைகின்றது. யாரோ குடிக்கின்றார்கள் என்று எண்ணுவதில் என்ன வியப்பு? குளக்கட்டில் ஐயனாரும், காட்டோரத்தில் வைரவரும் காளியும் முனியும் காவல் நிற்கும் நிலம் அது. வெம்மை நோய்களுக்கு வற்றாப்பளைக் கண்ணகையம்மனை வேண்டினர். மதுரையை எரித்த வெம்மை ஆறாத கண்ணகி இலங்கைக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் அது என்பது ஐதீகம். வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் நீர் அள்ளி அந்நீரில் விளக்கெரிக்கும் மரபு அங்கே உண்டு. ஊர்களிலே விபூதி போட்டனர், நூல் கட்டினர், கழிப்புக் கழித்தனர். நிலவேம்பை அவித்துக் குடித்தனர். இவற்றால் மனத்திற்கு ஆறுதல் உண்டாயிற்று, உறவினர் நோயாளியைச் சூழ்ந்து நின்றனர், அதனை இகழ்வதற்கில்லை. ஆனால் காய்ச்சல் நின்றபாடில்லை. மக்கள் தேடிய பேய் காட்டிலும் சுடலையிலும் இருப்பதாகக் கருதப்பட்டது. அதுவோ வீட்டுச் சுவரில் அமர்ந்திருந்தது.

இவ்விடத்தில் ஓர் ஆண்டு நினைக்கத்தக்கது, அது 1897. அவ்வாண்டு மே மாதம் அயர்லாந்தவரான பிராம் ஸ்ரோக்கர் எழுதிய 'டிராக்குலா' இலண்டனில் வெளிவந்தது. பின்வந்த வாம்பயர்க் கதைகள் பலவற்றிற்கும் அதுவே முன்மாதிரி. கிக்குச்சியின் நாவல்களும் அதன் வழித்தோன்றல்களே. அந்நாவலின் தலைமை வேட்டைக்காரர் வாளேந்திய வீரர் அல்லர். வான் ஹெல்சிங் என்னும் வைத்தியர். பேய் குருதி குடித்த பெண்ணுக்கு அவர் பிறர் குருதியை ஏற்றுகின்றார். பேயை நேர்நின்று எதிர்ப்பதினும், அது பகலில் உறங்கும் இடத்தைக் கண்டறிவதிலே கருத்தூன்றுகின்றார். டிராக்குலா தன் நாட்டு மண் நிரப்பிய ஐம்பது பெட்டிகளுடன் இங்கிலாந்துக்கு வருகின்றான்; அப்பெட்டிகளே அவன் இளைப்பாறும் இடங்கள். வேட்டைக்காரர் பெட்டி பெட்டியாகத் தேடி, அவற்றை அவன் தங்கவியலாதபடி ஆக்குகின்றனர்.

அதே 1897 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20 ஆந் திகதி, இந்தியாவின் செக்கந்தராபாத்தில், ரொனால்ட் ரோஸ் என்னும் படைவைத்தியர், மலேரியா நோயாளி ஒருவரின் குருதியைக் குடித்த நுளம்பை அறுத்து நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். அதன் வயிற்றுச் சுவரிலே மலேரியாக் கிருமியின் வளர்நிலையைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவிற் பறவைகளைக் கொண்டு கிருமியின் முழுச் சுற்றையும் காட்டினார். இத்தாலியில் ஜொவானி கிராசியும் அவர் துணைவரும் மனிதரில் அதனை நிறுவினர். 1902 இல் ரோஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. குருதி குடிக்கும் கற்பனைப் பிரபு நூலேறிய ஆண்டிலேயே, குருதி குடிக்கும் மெய்யான பகையின் முகமும் வெளிப்பட்டது.

அப்பகை அனோபிலிஸ் இனப் பெண் நுளம்பு. முட்டையிடுவதற்குக் குருதி வேண்டியே அது மனிதரை நாடுகின்றது. இலங்கையில் மலேரியா பரப்புவதில் முதன்மையானது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் வகை. அது சேற்றுநீரை விரும்புவதில்லை. ஆறு ஓட்டம் ஓய்ந்து மணலிடையே தேங்கும் தெளிந்த, வெயில்படும் குட்டைகளே அதற்கு உகந்தவை. இரணைமடுவுக்கு நீர் கொணரும் கனகராயன் ஆறு போன்ற ஆறுகள் மாரியில் ஓடிப் பின் வற்றும் நிலம் வன்னி. அதனால் ஆண்டுதோறும் அங்கே காய்ச்சலுக்கு இடமுண்டாயிற்று. ஈரவலயத்தில் நிலை வேறு. அங்கே ஆறுகள் வழக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். 1934 இல் மழை பொய்த்து அவை குட்டைகளாயின. அவ்வாண்டின் இறுதியிலும் 1935 இன் தொடக்கத்திலும் கேகாலை, குருநாகல் பகுதிகளை மையமாகக் கொண்டு எழுந்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வன்னி போன்ற வறள்வலயம் அப்போது அத்துணை அழிவைக் காணவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சலோடு வாழ்ந்தவர் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சேர்ந்திருந்தது. அந்த எதிர்ப்பின் விலையை ஆண்டுதோறும் குழந்தைகளின் உயிராகக் கொடுத்துவந்தனர்.

வேட்டை தொடங்கியது இரண்டாம் உலகப்போரின் முடிவில். இந்நுளம்பின் வழக்கம் ஒன்றே அதனைக் காட்டிக்கொடுத்தது. இரவில் வீட்டினுள் புகுந்து குருதி குடித்தபின் அதன் உடல் கனக்கின்றது. தொலைவு பறக்கவியலாமல் அருகிலுள்ள சுவரிலோ கூரையின் உட்புறத்திலோ அமர்ந்து இளைப்பாறுகின்றது. வான் ஹெல்சிங் தேடிய பெட்டியைப் போன்றதே அந்தச் சுவர். 1945, 1946 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் மலேரியாப் பகுதிகளிலே வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கினர். வெண்படலமாகச் சுவரில் தங்கிய மருந்து, தெளித்துப் பல வாரங்கள் கழிந்த பின்னும் அங்கே வந்து அமர்ந்த நுளம்பைக் கொன்றது. குட்டை குட்டையாக நுளம்புக் குடம்பிகளைத் தேடியழிப்பதினும் இது எளிது. காட்டையோ குளத்தையோ அழிக்கவும் வேண்டியதில்லை.

தெளிப்பவர் பலர் கூலிபெற்ற தொழிலாளர். கலமும் கைப்பம்பும் சுமந்து வீடுவீடாகச் சென்றனர். பானை சட்டிகளை வெளியே எடுத்துவைத்து, மண்சுவரிலும் கிடுகுக் கூரையின் உட்புறத்திலும் இடம்விடாமல் மருந்தடித்தனர். ஒரு வீடு தப்பினால் ஊருக்கே கேடு. ஒரு மூலை தப்பினால் அந்த வீட்டுக்குக் கேடு. அவர்களுள் எவர் பெயரும் வரலாற்று நூல்களில் இல்லை. இன்னொரு வகையினர் காய்ச்சற்காரரின் விரல்நுனியிற் குத்திக் குருதித்துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்பெருக்கியிற் பார்த்தோர். குருதி எடுக்க வந்தவர் என்று குழந்தைகள் கண்டு ஒளியத்தக்கவர் இவர்கள். ஆனால் எடுத்த ஒரு துளியினாலேயே உடலின் எஞ்சிய குருதியைக் காத்தனர்.

பயன் விரைவில் வெளிப்பட்டது. 1946 இல் இலங்கையில் மலேரியாவாற் பீடிக்கப்பட்டோர் தொகை 20 இலட்சத்துக்கு மேற்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. 1963 இல் கண்டறியப்பட்டோர் 17 பேர் மட்டுமே. நாட்டின் இறப்புவீதம் 1946 இல் ஆயிரவருக்கு 20.3 ஆக இருந்து, 1947 இல் 14.3 ஆகக் குறைந்தது. வீழ்ச்சி முழுவதும் தெளிப்பினால் விளைந்ததன்று. உணவும் மருத்துவ வசதியும் அதிற் பங்குகொண்டன என்று ஆய்வாளர் வாதிடுவர். மருந்தின் பங்கை எவரும் முற்றாக மறுப்பதில்லை. வன்னிக்கு அதன் பொருள் தனியானது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளிற் கட்டப்பட்ட இரணைமடுக்குளத்தின் கீழும், நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புதுப்பிக்கப்பட்ட வவுனிக்குளம் முதலிய குளங்களின் கீழும் குடியேறிய உழவர், விளைவித்ததை அறுக்கும் பருவத்தில் நோயிற் கிடக்கவேண்டிய நிலை நீங்கியது. நீர் முன்னரே இருந்தது, நிலமும் இருந்தது. இரண்டையும் ஆளும் உடல்நலம் அப்போதுதான் வந்தது.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். சித்திரப் படத்தில் இவ்விடத்திலேதான் வேட்டைக்காரன் குதிரையேறிப் போவான். இலங்கையிலும் அவ்வாறே ஆயிற்று. நோய் ஒழிந்தது என்று கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. பணமும் ஆட்களும் குறைக்கப்பட்டனர். பகை ஒழியவில்லை, ஒளிந்திருந்தது. மலேரியாக் கிருமிகளுள் ஒருவகை மனிதரின் ஈரலிற் புகுந்து, எவ்வித அடையாளமும் காட்டாமல் மாதக்கணக்கில் உறங்கவல்லது. பின் விழித்துக் குருதியிற் பாயும். கல்லறைப் பேய் உறங்கி எழும் என்று கதை சொன்னதை இக்கிருமி உடலுக்குள்ளேயே செய்துகாட்டுகின்றது. 1967 ஆம் ஆண்டின் இறுதியில் காய்ச்சல் மீண்டும் எழுந்தது. 1969 இல் நோயுற்றோர் 5 இலட்சத்தைக் கடந்தனர். மீண்டும் மருந்தெடுத்தபோது, நுளம்புகள் டி.டி.ரி.க்கு எதிர்ப்புப் பெறத் தொடங்கியிருந்தன. 1970களின் பிற்பகுதியில் மலத்தியோன் என்னும் வேறு மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று. பதினேழு பேர் என்னும் எண்ணைக் கண்டு அடைந்த மகிழ்ச்சிக்கு நாடு கொடுத்த விலை இது.

அடுத்த சோதனை வன்னியின் தலையிலேயே விழுந்தது. 1983 இல் மூண்டு 2009 இல் முடிந்த உள்நாட்டுப் போரில் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். சுவரில்லாத கூடாரத்தில் மருந்தை எங்கே தெளிப்பது? மரத்தடியில் உறங்குவோருக்கு எதனைக் காவலாக்குவது? 1999 இல் நாட்டில் நோயுற்றோர் 2,60,000 பேருக்கு மேல். அதில் வடக்குக் கிழக்கின் சுமை பெரிது. அந்நிலையிலும் வேட்டை முற்றாக நிற்கவில்லை. நுளம்பு எல்லைக்கோட்டை அறியாது; இருதரப்புப் பகுதிகளிலும் தடுப்புப்பணி நடைபெற இடமளிக்கப்பட்டது. மருந்தூட்டிய நுளம்புவலைகள் வழங்கப்பட்டன. நடமாடும் மருத்துவ நிலையங்கள் காய்ச்சற்காரரைத் தேடிச்சென்றன. மலேரியாத் தடை இயக்கத்தினர், காய்ச்சல் இல்லாதோரின் குருதியையும் சோதித்து ஒளிந்திருந்த கிருமியைத் தேடினர். போர் முடிந்து மக்கள் தம் ஊர்களுக்குத் திரும்பியபோதும் இத்தேடல் தொடர்ந்தது. உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளி 2012 ஒக்டோபரிற் கண்டறியப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது.

இவ்வரலாற்றை அறிந்தபின் யப்பானியப் படங்களைக் காண்போருக்குச் சில செய்திகள் புதிதாகப் புலனாகும். அப்படங்கள் மெய் பேசும் இடங்கள் உண்டு. பகையின் வழக்கத்தை அறிந்தவனே பகையை வெல்வான் என்பது மெய். அது உறையும் இடத்திற்குச் செல்லவேண்டும் என்பதும் மெய். பல் பட்டவளைக் குற்றவாளியாக்கி ஒதுக்கும் ஊராரின் அறியாமையைக் காட்டியதும் மெய். செர்பியாவிற் பிணத்தை எரித்ததும், எங்கும் நோயாளியைக் கண்டு ஒதுங்குவதும் அதே அச்சத்தின் செயல்களே. ஆனால், ஒரே வீரன் ஒரே வீச்சில் பகையை முடிப்பான் என்பதும், முடித்தபின் ஊர் கதவைத் திறந்துவைத்து உறங்கலாம் என்பதும் மயக்கம். வன்னியின் பகையை வீழ்த்தியது ஒரு வாளன்று. பல இலட்சம் சுவர்களிற் படிந்த மருந்தும், பல இலட்சம் கண்ணாடித் தகடுகளிற் காய்ந்த குருதித்துளிகளும் ஆகும். முதல் வெற்றி கைநழுவியதும் வீரம் குறைந்ததனால் அன்று; காவல் குறைந்ததனால்.

இரண்டாவது 'டி' படத்தின் முடிவு இங்கே நினைக்கத்தக்கது. வேட்டையில் உடன்வந்த லெய்லா என்னும் பெண்ணிடம் டி ஒரு சொல் கொடுத்திருந்தான்: அவள் இறந்தால் அவள் கல்லறைக்கு மலர் கொண்டுவருவதாக. ஆண்டுகள் பல கழிகின்றன. அவள் மணந்து, மக்களும் பேரரும் கண்டு, முதுமையில் இறக்கின்றாள். அடக்கத்தின்போது அவன் தொலைவில் வந்து நிற்கின்றான். பேயை வென்றதனினும் பெரிய வெற்றியாகப் படம் அதனையே காட்டுகின்றது. ஓர் உயிர் தன் முழு வாழ்நாளையும் வாழ்ந்து முடிப்பது. முறைக்காய்ச்சலுக்குத் தப்பி இன்று பேரப்பிள்ளைகளுடன் வாழும் வன்னி முதியோர் அவ்வெற்றிக்குச் சான்றாவர்.

காவல் இன்னும் முடியவில்லை. மலேரியாவை நகரங்களிலும் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்ரீபன்சி என்னும் வேறொரு நுளம்பு, வன்னிக்கு அயலான மன்னாரிற் காணப்பட்டதாக 2017 இல் அறிவிக்கப்பட்டது. ஆற்றுக் குட்டையைத் தேடாமல், கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிடுவது அதன் இயல்பு. நோயுள்ள நாடுகளிலிருந்து தொழிலாளரும் யாத்திரிகரும் கிருமியை உடலிற் கொண்டு வருவதும் உண்டு. ஆகவே, காய்ச்சலோடு ஆசுபத்திரிக்கு வருபவரிடம், அண்மையில் எந்த நாட்டிற் தங்கினீர் என்று வைத்தியர் கேட்பதும், விரல்நுனியில் ஒரு துளி குருதி எடுப்பதும் வீண் வழக்கமல்ல. காய்ச்சற்கட்டியைக் கண்டறியாத ஒரு தலைமுறை வன்னியில் வளர்ந்துவிட்டது. அத்தலைமுறைக்கு அந்தக் கேள்வி புதுமையாகத் தோன்றலாம். கேட்பவருக்கு மறைக்காமல் விடை சொல்வதும், கிணற்றையும் தொட்டியையும் மூடிவைப்பதும் வேட்டையில் ஒவ்வொரு வீட்டாருக்கும் உரிய பங்கு.